ஓர் அறைப் பள்ளிக்கூடம்



பள்ளிக்கூடம் என்றதும் இன்றைய பிள்ளைகளின் மனக்கண்ணில் எழுவது மாடிக் கட்டடமும், கணினி அறையும், வாயிலில் நிற்கும் காவலரும்தாம். அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். வேறொரு படத்தைச் சொல்வார்கள். லயத்தின் கடைசியில் ஓர் அறை. பலகைச் சுவர், தகரக் கூரை. உத்தரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு. ஒரு கரும்பலகை. நான்கைந்து வகுப்புகள். எல்லாவற்றுக்குமாக ஒரே ஒரு வாத்தியார். மழை கொட்டினால் தகரத்தின் ஓசையில் பாடம் காதில் விழாது. அப்போது எல்லாரும் எழுத்துவேலை செய்ய வேண்டியதுதான்.

அந்த ஓர் அறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அது எப்படித் தோன்றியது? அதைக் காத்து வைப்பதால் யாருக்குப் பயன்? காப்பதென்றால் எப்படிக் காப்பது?

இவற்றுக்கு விடை காணுமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கிள்ளான் வட்டாரத்தில் நாங்கள் பணிபுரியும் தோட்டப் பள்ளிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி தம் பேரனுடன் வந்தார். அடையாள அட்டை தொடர்பான ஒரு மனுவுக்கு அவர் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லை. ஆனால், சிறுமியாக இருந்தபோது அதே தோட்டத்துப் பள்ளியில் படித்தது அவருக்கு நினைவிருந்தது.

"வாத்தியாரே, எம்பேரு அந்தப் பெரிய புத்தகத்துல இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது பழைய சேர்க்கைப் பதிவேட்டை. புதிய கட்டடம் வந்த பிறகு பழைய அறை தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிட்டது. உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து பதிவேட்டைத் தேடி எடுத்தோம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட மண் உதிர்ந்தது. அவருடைய பெயர் இருந்தது. தகப்பனார் பெயர் இருந்தது. பிறந்த தேதி எழுதியிருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கரையான் தின்றிருந்தது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில், 'விலகிய காரணம்' என்ற தலைப்பின் கீழ், 'தம்பியைப் பார்த்துக்கொள்ள' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினோம்.

"ஆமாங்க, நான்தான். சின்னவன் அப்பக் கைக்குழந்த. அம்மா விடிய முன்னாடி பால் வெட்டப் போயிடும்" என்றார். சற்றுப் பொறுத்து, "தேதிய வேற எங்கயும் எழுதி வைக்கலீங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை.

நேயர்களே, அந்தப் பதிவேடு எங்கள் கண் முன்னேதான் இருந்தது. அதைக் கரையானுக்கு விட்டவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே. பழைய அறை என்றால் பழைய சாமான் என்று எண்ணிவிட்டோம். அந்த அறையின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறோம். பாதிரியார் ஹட்சிங்ஸ் அவ்வாண்டில் பினாங்கில் நிறுவிய இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது. அதன் 200 ஆம் ஆண்டை 2016 இல் நாடெங்கும் கொண்டாடினோம். ஆனால், தோட்டப் பள்ளிகள் பெருகியது ரப்பர் பரவிய பிறகு. 1912 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டு மலாய் மாநிலங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க முதலாளிகளைப் பணிக்க வழிசெய்தது. சிலாங்கூரும் அம்மாநிலங்களில் ஒன்று.

சட்டம் பள்ளி வேண்டும் என்றது; கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தோட்ட நிருவாகங்கள் பெரிதாக அக்கறை கொள்ளவில்லை. ஆகவே, லயத்து அறையே பள்ளியாயிற்று. சில இடங்களில் கோயில் மண்டபம், சில இடங்களில் ஆயாக் கொட்டகையின் ஒரு பக்கம். ஆசிரியரும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, கிராணி, அல்லது தொழிலாளி ஒருவரே பல தோட்டங்களில் வாத்தியாராக இருந்தார். பயிற்சி பெற்றவர்கள் வரப் பல காலம் ஆயிற்று.

இதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டு வாளாவிருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். அவரை அரசாங்கம் கைது செய்து நாடு கடத்தியது. கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தம் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால், அவர்களின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைமாரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய நிலை ஒழிய வேண்டும் என்பவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பால்வாளி தூக்கியவர்கள் பள்ளிக்கூடத்துக்காகவும் போராடியிருக்கிறார்கள். இந்தக் கிள்ளான் மண்ணில் நடந்த நிகழ்ச்சி இது.

இனி, அந்த அறைக்குள் நுழைவோம். ஒரே வாத்தியார் நான்கைந்து வகுப்புகளை எப்படி நடத்தினார்? மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார். அவன் சொல்ல, சின்னவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கற்றவன் கல்லாதவனுக்குக் கற்பித்தான். இந்த முறை தோட்டத்தில் பிறந்ததன்று. நம் முன்னோர் கப்பலேறியபோது திண்ணைப் பள்ளியிலிருந்து கூடவே கொண்டுவந்தது.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் எழுதியது மணலில். 1706 ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக ஓர் ஆசிரியரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். தரங்கம்பாடியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது.

அதற்கு 80 ஆண்டுகளுக்குப் பின், சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789 இல் ஏற்று நடத்தினார். அப்பக்கத்து நாட்டுப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார்; அங்கிருந்த ஆசிரியர்களால் முடியவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி அமர்த்தினார். அவன் செய்து காட்டினான். பெல் இங்கிலாந்து திரும்பி, 1797 இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது பரவிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதை ஒத்த முறையைக் கையாண்டார். காசில்லாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இப்படிப் படித்தார்கள்.

லண்டனுக்கு வடக்கே ஹிட்சின் என்றோர் ஊர். அங்கே 1810 இல் வில்லியம் வில்ஷியர் என்ற வழக்கறிஞர் ஏழைச் சிறுவர்களுக்காக இத்தகைய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1837 இல் அப்பள்ளிக்கு ஒரு பெரிய அறை கட்டினார்கள். 300 சிறுவர்கள், ஓர் ஆசிரியர், உதவிக்குச் சட்டாம்பிள்ளைகள். பள்ளி மூடப்பட்ட பின் ஊர்க்காரர்கள் அந்த அறையை இடிக்கவிடவில்லை. இன்று அது அருங்காட்சியகம். இவ்வகை அறைகளில் முழுமையாக எஞ்சியிருப்பது, அறிந்த வரையில், அது ஒன்றுதான். பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததோடு அங்கே நின்றுவிடவில்லை. இக்காலப் பிள்ளைகள் பழைய உடையணிந்து, அதே பலகைகளில் அமர்ந்து, அக்காலப் பாடத்தைப் படித்துப் பார்க்கிறார்கள். பாட்டன் எப்படிப் படித்தார் என்பதைப் பேரன் உடம்பால் உணர்கிறான். பள்ளி அறையைக் காப்பதன் சிறப்பு இதுதான். வாளையும் கிரீடத்தையும் பார்க்கத்தான் முடியும். பள்ளி அறைக்குள் உட்கார முடியும்.

எழும்பூரிலிருந்து சென்ற முறைக்கு அங்கே ஓர் அறை நிற்கிறது. திண்ணையிலிருந்து நேராக நம்மிடம் வந்த முறைக்கு இங்கே எது நிற்கிறது?

"அது செல்வம் மிக்க நாடு, கூலிக்காரன் அறையை யார் காப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை இருக்கிறது. இலங்கையின் மலையகத்தில், கம்பளைக்கும் புசல்லாவைக்கும் அண்மையில் ஓல்ட் பீக்கொக் என்ற தேயிலைத் தோட்டம் உள்ளது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் அங்கே ஒரு பழைய லயனைச் செப்பனிட்டு, 2007 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் திறந்தது. லயன் அறையே காட்சிப்பொருள். தொழிலாளர் புழங்கிய பாத்திரங்கள், வேலைக்கருவிகள், இசைக்கருவிகள், பழைய காகிதங்கள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. அரண்மனைக்கு உரிய மதிப்பை ஓர் ஏழையின் அறைக்கும் கொடுக்கலாம் என்பதை நம்மைப் போன்ற தோட்டத்து மக்களே காட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். கிள்ளானில் ராஜா அப்துல்லா 1857 இல் கட்டிய கிடங்கு பிற்காலத்தில் ஈய அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. ஈயம் அடுக்கிய கட்டடத்துக்கு அந்தச் சிறப்புக் கிடைத்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1904 இல் யாழ்ப்பாணத் தமிழர் முயற்சியால் எழுந்த விவேகானந்தர் ஆசிரமத்தை அறியாதவர் இலர். அந்த ஆசிரமம் தமிழ்ப் பள்ளிகளையும் வளர்த்தது. 2014 ஆம் ஆண்டில் அந்த நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடி எழுப்பும் திட்டம் ஒன்று வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். பிறகு, 2005 ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அக்கட்டடத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் நகரின் நடுவில் இருப்பது. நாள்தோறும் ஆயிரம் கண்கள் பார்க்கும் கட்டடம் அது. தோட்டத்து அறையை யார் பார்த்தார்கள்?

அந்தத் தோட்டங்களே இன்று இல்லை. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. நாடு சுதந்திரம் அடைந்த 1957 இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520 க்குச் சற்று மேல். மூடப்பட்டவையும் உண்டு; ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவையும், பட்டணத்துக்கு இடம் பெயர்ந்தவையும் உண்டு. பெயரில் 'தோட்டம்' என்று இருக்கும். சுற்றிலும் ஒரு பால்மரம் இராது. இடம் மாறும் நாளில் மேசை நாற்காலி லாரியில் ஏறிவிடும். அலமாரிக்கு அடியில் கிடக்கும் பதிவேடு ஏறுவதில்லை. அது காணாமற்போவது அந்த ஒரே நாளில்தான்.

ஆகவே, கட்டடத்தைக் காக்க முடிந்தால் நன்று. முடியாவிட்டாலும் அறைக்குள் இருந்தவற்றையாவது காக்கலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நாங்கள் பிழை செய்து கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, எவற்றைக் காப்பது? சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, தலைமையாசிரியரின் குறிப்பேடு, பார்வையாளர் ஏடு, வகுப்புப் படங்கள், சிலேட்டு, தண்டவாளத் துண்டு, பெயர்ப்பலகை. இவற்றுள் சேர்க்கைப் பதிவேடே தலையாயது. ஒரு தோட்டத்தில் யார் யார் வாழ்ந்தார்கள், எப்போது வந்தார்கள், எங்கே போனார்கள் என்பதற்குப் பல வேளைகளில் அது ஒன்றே சாட்சி.

இரண்டாவது, பகைவர்கள் யார்? கரையான், ஈரம், வெயில், ஆகியவற்றோடு நம் அவசரமும் சேர்த்து நான்கு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரும்பு அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். சன்னல் வெயில் நேராகப் படக் கூடாது. கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டக் கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக ஒட்டிவிடுவதும் வேண்டாம். பிறகு பிரிக்கவே இயலாது. காகிதத்தின்மேல் பூச்சிமருந்து தெளிப்பதும் தவறு. படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுவதானால் பென்சிலால் மெல்ல எழுத வேண்டும்.

மூன்றாவது, படி எடுத்தல். இன்று எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. பதிவேட்டை மேசைமேல் விரித்து, பகல் வெளிச்சத்தில், பக்கம் பக்கமாகப் படமெடுக்கலாம். ஒரு படியைப் பள்ளியில் வைத்து, மற்றொன்றை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். "வேற எங்கயும் எழுதி வைக்கலீங்களா?" என்று அந்தப் பாட்டி கேட்டாரே, அதற்கு உரிய விடை இந்த இரண்டாவது படிதான். 1957 இல் தொடங்கப்பட்ட நம் தேசிய ஆவணக் காப்பகம் இத்தகைய ஏடுகளைக் காப்பதற்கென்றே உள்ள நிலையம்; ஐயம் வந்தால் அங்கே கேட்கலாம். பழைய ஏடு என்று எதையும் நாமாக எரித்துவிடக் கூடாது.

நான்காவது, மக்களின் மானம். பதிவேட்டில் இருப்பவை உயிருள்ளவர்களின் விவரங்கள். தகப்பன் பெயர் இல்லாத வரி இருக்கும். விலகிய காரணம் வறுமையாக இருக்கும். அவற்றைச் சுவரில் மாட்டக் கூடாது. காட்சிக்கு வைப்பது அட்டையும் வெற்றுக் கட்டங்களும் மட்டும். உள்ளே பார்க்க உரியவருக்கே உரிமை.

ஐந்தாவது, பேச்சு. அறையில் படித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். "பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். "எதில் உட்கார்ந்தீர்கள்? பசித்தால் என்ன சாப்பிட்டீர்கள்? எந்த நாளில் பள்ளிக்கு வராமல் நின்றீர்கள்?" என்று பொருளைச் சுட்டிக் கேட்டால் கதை தானாக வரும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழையதைக் காப்பது என்பது பழையதைப் புகழ்வது அன்று. அந்த அறையில் அன்பும் இருந்தது, பிரம்பும் இருந்தது. அதில் எழுத்தறிந்து உயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிட அதிகமானவர்கள் பாதியில் எழுந்து வெளிக்காட்டுக்குப் போனார்கள். எங்கள் பதிவேட்டின் கடைசிக் கட்டங்களைப் படித்தால் 'தோட்ட வேலை', 'தாய்க்கு உதவி', 'வேறு தோட்டம்' என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நல்ல அருங்காட்சியகம் இதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் அலங்காரமாகிவிடும்.

எங்கள் பள்ளியின் பழைய அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் இல்லை. சுவரில் பெற்றோர்கள் சுண்ணாம்பு பூசினார்கள். நீண்ட பலகை இரண்டு, கரும்பலகை ஒன்று, ஒரு தட்டில் மணல். தண்டவாளத் துண்டு பழைய இடத்திலேயே தொங்குகிறது. ஆண்டுக்கொரு நாள் முதல் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அமர்த்தி, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைச் சட்டாம்பிள்ளை ஆக்குகிறோம். மணலில் 'அ' எழுதிய பிள்ளை, "டீச்சர், அழிஞ்சிருச்சு" என்கிறது. "அழிந்தால் மறுபடியும் எழுது" என்று அவள் சொல்கிறாள்.

மணலில் எழுதியதை மறுபடியும் எழுதலாம். கரையான் தின்ற தேதியை எழுத முடியாது. அந்த மூதாட்டிக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது, அவர் இப்பள்ளியில் படித்தார் என்று பதிவேட்டைப் பார்த்து எழுதிய ஒரு கடிதம் மட்டுமே. அது போதுமானதாக இல்லை. அதே பதிவேட்டில் கரையான் தொடாத பக்கங்கள் நிறைய இருந்தன. அவை அனைத்தையும் இப்போது படியெடுத்துவிட்டோம். அடுத்து ஒருவர் வந்து கேட்டால் விடை சொல்லலாம்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய வகுப்புப் படமோ, மதிப்பெண் அட்டையோ, மூடப்பட்ட ஒரு தோட்டப் பள்ளியின் ஏடோ இருக்கலாம். அதைக் கொடுத்துவிடச் சொல்லவில்லை. ஒரு படி எடுத்து அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரக் கடைசியிலேயே செய்யுங்கள்.